காத்திருப்போர் பட்டியலில் ஒரு வருடம்



சீட் கிடைத்துவிட்டது என்றால் தெருவுக்கே மிட்டாய் கொடுக்கலாம். சீட் இல்லை என்றால் நாலு நாள் சோறு தின்னாமல் கிடந்துவிட்டு ஐந்தாம் நாள் வேறு வேலையைப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. 'இருங்க, பார்க்கலாம்' என்பதுதான் அது. அதில் மாட்டிக்கொண்டவனுக்கு மிட்டாயும் கிடையாது, பட்டினியும் கிடையாது. திரிசங்கு ராஜா கதை கேட்டிருப்பீர்கள். விசுவாமித்திரர் மேலே தூக்க, இந்திரன் கீழே தள்ள, மனுஷன் நடுவானத்தில் தலைகீழாகத் தொங்கினார். அவருக்காவது தொங்கிய இடத்திலேயே ஒரு சொர்க்கம் கட்டிக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு பாஸ்வேர்டு மட்டும்தான்!

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று யூனியன் செயலாளர் கேட்டபோது முதலில் கவிதைதான் நினைவுக்கு வந்தது. (நிலாவைப் பற்றி ஏற்கெனவே ஏழு வந்துவிட்டதாம். ஆகவே நீங்கள் தப்பித்தீர்கள்.) பிறகு யோசித்தேன். நம் வகுப்பில் பத்தாவது முடித்து வந்த தம்பிகள் பாதி, பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் வந்து உட்கார்ந்த எங்களைப் போன்றவர்கள் பாதி. எங்களில் அநேகம் பேர் வேறு எங்கோ போகக் கிளம்பி, வழியில் யாரோ 'இரு' என்று சொன்னதால் நின்று, பின்பு இங்கே வந்தவர்கள். அந்த 'இரு' பற்றி நாம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் பேசுகிறோமே தவிர, யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வடகரை. தெரியாதவர்களுக்கு: பண்பொழிக்கும் அச்சன்புதூருக்கும் பக்கத்தில், மேக்கரைக்குப் போகும் வழி. கொஞ்சம் மேலே ஏறினால் அடவிநயினார் அணை, 132 அடி. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் ஊரிலும் விழும். என்ன, எங்களைப் பார்க்க யாரும் பஸ் பிடித்து வரமாட்டார்கள்.

நான் பிளஸ் டூ முடித்தது 2022-ல். எங்கள் செட்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 2020-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கொரோனாவால் ரத்து. காலாண்டு, அரையாண்டு மார்க்கை வைத்துப் பாஸ் போட்டார்கள். 2021-ல் பதினொன்றாம் வகுப்பு, தேர்வே இல்லாமல் பாஸ். ஆக, நாங்கள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொதுத்தேர்வே 2022 மே மாதத்துப் பிளஸ் டூதான். நீச்சல் பழகாதவனை நேரே ஐந்தருவித் தடாகத்தில் இறக்கிவிட்ட மாதிரி! ஜூன் 20-ஆம் தேதி ரிசல்ட். கணக்கை நூற்றுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கி, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள் அல்லவா, அதில் எனக்கு 150-க்கு இரண்டு மூன்று குறைவு. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. திரிசங்கு கட்-ஆஃப்.

ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். நெல்லையில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னியல். 1981-ல் தொடங்கிய கல்லூரி. ஏன் அது என்றால் காரணம் ரொம்பச் சாதாரணம். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. எங்கள் அக்கா பி.எஸ்ஸி. முடித்தவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தனியார் பொறியியல் கல்லூரியில் கட்டணத்தில் 25,000 ரூபாயை அரசே கட்டும். ஆனால் ஒரு வீட்டில் முதல் பட்டதாரி ஒருவர்தானே இருக்க முடியும்? அந்த இடத்தை அக்கா எனக்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டாள். (இன்றுவரை அதைச் சொல்லித்தான் அவளிடம் சண்டை போடுகிறேன்.) அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-லிருந்து பொறியியலிலும் உண்டு. சேர்ந்தவர்களுக்குக் கட்டணம் முழுக்க அரசின் செலவு. நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. 'உதவி பெறும்' என்ற அந்த இரண்டு வார்த்தை குறுக்கே நின்றது. என் பெஞ்சில் இருந்த பையனைப் போலவே கால்நடையாகத்தான் நானும் டியூஷனுக்குப் போனேன். அவன் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி, பதினொன்றாம் வகுப்பில் இடம் மாறியவனுக்கோ அதுவும் கிடையாது. கோட்டை எங்காவது போட்டுத்தான் ஆகவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். போட்ட கோடு நம் காலடியில் வந்து விழும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 16 அன்று தரவரிசைப் பட்டியல் வந்தது. பொதுக் கலந்தாய்வு 25-ஆம் தேதி தொடக்கம் என்றார்கள். வீட்டில் ஒரு புதுப் பெட்டி கூட வாங்கியாயிற்று. தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால், ஒத்திவைப்பு! என்ன காரணம்? நீட் ரிசல்ட் இன்னும் வரவில்லை. நல்ல ரேங்க் எடுத்தவர்கள் முதலில் பொறியியல் சீட்டை எடுப்பார்கள். பிறகு மருத்துவம் கிடைத்தால் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இடங்கள் நிரம்பாமலே கிடக்கும். ஆகவே அவர்கள் கதி தெரியட்டும், அப்புறம் தொடங்குவோம் என்று முடிவு. நீட் ரிசல்ட் செப்டம்பர் 7-ல் வந்தது. கலந்தாய்வு 10-ஆம் தேதி தொடங்கி, நான்கு சுற்றாக, நவம்பர் நடு வரை நீண்டது.

யோசித்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான். ஒரு சீட் காலியாகக் கிடப்பதைவிட ஒரு பையன் பதினைந்து நாள் காத்திருப்பது மேல். நான் அரசுப் பொறுப்பில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் தோழர்களே, காத்திருக்கச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. அவர்கள் கதவு மெதுவாகத் திறக்கும். மற்ற கதவுகள் அதற்காகக் காத்திருப்பதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் சேர்க்கை அதன் தேதிக்கு முடியும். பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு அதன் தேதிக்கு முடியும். முதல் சுற்றில் வருகிற ரேங்க்காரனுக்கு இதெல்லாம் கவலையில்லை. மூன்றாவது சுற்று, நான்காவது சுற்று என்று வால் பக்கம் நிற்கிறவனுக்குத்தான் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்கும்.

ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கேட்டுப் பார்த்தோம். (பெயர் எதற்கு?) இப்போது சேர்ந்து வைத்துக்கொள்கிறேன், பொறியியல் கிடைத்தால் போய்விடுகிறேன் என்று அப்பா சொன்னதும் அலுவலகத்தில் இருந்தவர் சிரித்தார்.

"அப்படியெல்லாம் போக முடியாது அண்ணாச்சி. டி.சி., மார்க் ஷீட்டு எல்லாம் ஒரிஜினல் இங்க இருக்கும். நடுவுல போனா மிச்ச வருஷத்துப் பீஸையும் கட்டிட்டுத்தான் வாங்கணும்."

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன. இதைப் படிக்கிற தம்பிகள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த மேஜைக்கு முன்னால் நின்ற எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அப்பா என் சான்றிதழ் பையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாலே போவோம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டது, ஒரே கேள்விக்கு எத்தனை விதமாகப் பதில் சொல்லலாம் என்பதை. டீக்கடையில் யாராவது, "என்னடே, எங்க சேந்திருக்க?" என்பார்கள். ஜூலையில், "கவுன்சலிங் வரணும் மாமா" என்று நிமிர்ந்து சொன்னேன். செப்டம்பரில், "மூணாவது ரவுண்டுல வரும் மாமா" என்றேன். அக்டோபரில் டீக்கடைப் பக்கமே போகவில்லை. பாவம், கேட்டவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் ஒருவனிடம் பேச்சைத் தொடங்க வேண்டுமென்றால் ஒன்று மழையைக் கேட்பார்கள், இல்லையென்றால் படிப்பைக் கேட்பார்கள். அந்த வருடம் மழையைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது சுற்று அக்டோபரில் வந்தது. விருப்பக் கல்லூரிகளை வரிசையாகப் பதிவு செய்யவேண்டும். நான் முதல் இடத்தில் நெல்லையைப் போட்டேன்; பிறகு மற்ற அரசுக் கல்லூரிகள்; பிறகு அக்கம்பக்கத்துத் தனியார் கல்லூரிகள்; கடைசியில் பேர் மட்டும் தெரிந்த சில. தற்காலிக ஒதுக்கீடு வந்தது. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரி. பட்டியலின் அடிப்பக்கத்தில் நான் போட்டது. கல்விக் கட்டணம் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். ஹாஸ்டல் தனி, சாப்பாடு தனி.

இந்த இடத்தில் கலந்தாய்வு உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். 2022-லிருந்துதான் இப்படி. கிடைத்ததை ஏற்றுச் சேருகிறாயா? ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பம் ஏதாவது காலியாகிறதா என்று பார்க்கிறாயா? கிடைத்ததை விட்டுவிட்டு மேலே பார்க்கிறாயா? அடுத்த சுற்றுக்குப் போகிறாயா? மொத்தமாக விலகுகிறாயா? முடிவு சொல்ல இரண்டு நாள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, அல்லவா? வடிவமைத்தவர் கெட்டிக்காரர். இரண்டாவதுதான் புத்திசாலித்தனமான வழி என்று எல்லோரும் சொல்வார்கள். கையில் ஒன்று, மரத்தில் ஒன்று. ஆனால் ஏற்றுக்கொண்டால் உதவி மையத்தில் பணம் கட்டவேண்டும்.

பணம். எங்களுக்கு அரை ஏக்கர் சொச்சம் வயலும், பக்கத்தில் குத்தகைக்குப் பிடித்த தென்னந்தோப்பும். மலையடிவாரத்து விவசாயம் எப்படி என்று வடகரை, மேக்கரைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். யானை இறங்கும். பெரிய மரத்தை அது அதிகம் சட்டை செய்யாது; மூன்று நான்கு வருடத்துத் தென்னம்பிள்ளையைப் பிடுங்கி, குருத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போகும். அந்தப் புரட்டாசியில் எங்கள் தோப்பிலும் இறங்கிவிட்டது. வெடி போட்டார்கள், டார்ச் அடித்தார்கள்; வனத்துறைக்காரர்களும் வந்தார்கள். காலையில் எண்ணினால் முப்பத்தொரு பிள்ளைகள். பிசான நடவுக்கு வைத்திருந்த காசில் கை வைத்தால்தான் உதவி மையத்துக்குப் போகமுடியும். கை வைத்தால் நடவு இல்லை.

அன்று ராத்திரி அப்பா சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"நீ என்னலே நினைக்க?"

"ரெண்டாவது வருஷமும் இதே பீஸ் வரும்ப்பா. மூணாவது வருஷமும் வரும்."

"அதத்தான் நானும் பாக்கேன். ஒரு வருஷம்னா கடன ஒடன வாங்கிரலாம். நாலு வருஷம்லா?"

அம்மா மட்டும், கம்மலை வைக்கலாமே என்றாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. கிடைத்ததை விட்டுவிட்டு மேலே பார்க்கிறேன் என்பதை அழுத்தினேன். அன்று கையில் இருந்த விவரத்துக்கும் மடியில் இருந்த காசுக்கும் அதுதான் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அந்த 'மேலே' என்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? எனக்கு மேலே இருப்பது வானமில்லை. எனக்கு முன்னால் நெல்லை மின்னியலை எடுத்த ஏதோ ஒரு பையன். அவன் முகம் எனக்குத் தெரியாது. அவன் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போக ஆசைப்பட்டு, அங்கே இன்னொருவன் விட்டு, அந்த இடம் இவனுக்குக் கிடைத்து, இவன் விட்டு... அப்புறம் எனக்கு. ஒரு ராத்திரி முழுக்க அந்த முகம் தெரியாத பையனுக்கு நல்ல இடமாகக் கிடைக்கட்டும் என்று திருமலைக் கோயில் குமரனிடம் வேண்டிக்கொண்டேன். இன்னொருவனின் முன்னேற்றத்துக்காக அவ்வளவு உருக்கமாக நான் வேண்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை!

அவன் நகரவில்லை. நான்காவது சுற்றில் எனக்கு வேண்டியது எதுவும் மீதி இல்லை. நவம்பர் நடுவில் எல்லாம் முடிந்தது. பாலிடெக்னிக்கில் வகுப்பு தொடங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

இப்படித் தொங்க விடுவது நம் ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்று ஒன்று இருக்கிறது. (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அது 1949-ல் சி.ராஜம் தொடங்கியது, அப்துல் கலாம் படித்தது.) அங்கே சீக்கிரமே விண்ணப்பிக்க விரும்புகிறவன் நவம்பர் முதல் தேதிக்குள் விண்ணப்பிக்கலாம். டிசம்பர் நடுவில் பதில் வரும். ஆம், இல்லை என்ற இரண்டோடு மூன்றாவது பதிலும் உண்டு: உன்னைத் தள்ளி வைத்திருக்கிறோம், மற்றவர்களோடு சேர்த்து மறுபடி பார்க்கிறோம். மறுபடி பார்த்துச் சொல்வது மார்ச் 14 அன்று. ஏன் 14? 3.14, அதாவது பையின் மதிப்பு! தள்ளி வைக்கப்பட்டவனுக்கு அந்த வேடிக்கை ரசிக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு வித்தியாசம்: அங்கே தள்ளி வைக்கப்பட்டவன் அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் வேறு பத்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட முடியும், அந்தக் கதவுகள் ஜனவரி வரை திறந்திருக்கும். நம் ஊர்க் கதவுகளுக்கும் அப்படி ஒரு ஒழுங்கு இருந்தால் நன்றாயிருக்கும்.

டிசம்பரில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் தென்காசியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் சேர்ந்தேன். நாளைக்கு 250 ரூபாய். டீ கடைக் கணக்கு.

கடை முதலாளி அண்ணாச்சி ஐ.டி.ஐ. படித்தவர். அவரும் ஒரு காலத்தில் இன்ஜினீயரிங்குக்குக் காத்திருந்தவர்தான் என்பது நான் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 90-களின் தொடக்கம். அப்போது நுழைவுத்தேர்வு உண்டு, 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. பிளஸ் டூ மார்க் 200-க்கும் நுழைவுத்தேர்வு 100-க்கும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப். இன்றைக்குப் போல மொத்த மாநிலத்துக்கும் ஒரே இடத்தில் ஒற்றைச் சாளரமெல்லாம் 1997-ல்தான். அண்ணாச்சி காலத்தில் கார்டு தபாலில் வரவேண்டும்.

"சாரல் நேரம்டே அது. போஸ்ட்மேன் குடைய மடக்கிக் கக்கத்துல வச்சிக்கிட்டு சைக்கிள்ள வருவாரு. எங்க தெரு முக்குல மணி அடிச்சாருன்னா எனக்கு வயித்த கலக்கும். 'ஒனக்கு ஒண்ணுமில்லடே'ன்னு தூரத்துல வரும்போதே கையக் காட்டிருவாரு. நல்ல மனுஷன். பக்கத்துல வந்து சொன்னா நான் அழுவேன்னு."

எத்தனை நாள் அப்படி என்று கேட்டேன். "கார்டு வரவே இல்லையே. இன்னும் நான் வெயிட்டிங்ல தான்டே இருக்கேன்" என்று சிரித்தார். (அந்த நுழைவுத்தேர்வை 2005-ல் அரசு ரத்து செய்தபோது உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை, 2006-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து, 2007 சேர்க்கையிலிருந்துதான் அது ஒழிந்தது.)

கடையைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கருகிய மோட்டார் வந்தால் முதல் வேலை பிரிப்பது அல்ல, எண்ணுவது. எத்தனை ஸ்லாட், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குக் காயில் தாண்டுகிறது, ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ், இணைப்பு எப்படிப் போகிறது. எல்லாவற்றையும் நோட்டில் குறித்த பிறகுதான் கம்பியை வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால் மோட்டார் வாய் திறக்காது. பிறகு ஸ்லாட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேப்பரை மடித்துச் செருகி, ஃபார்மாவில் காயில் சுற்றி, ஒவ்வொன்றாக இறக்கி, மேலே மூங்கில் ஆப்பு அடித்து, நாடா போட்டுக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது. சாரல் நாளில் வார்னிஷ் காயாது. உள்ளே குண்டு பல்பைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க எரிய விடுவோம். காலையில் மெக்கர் வைத்து, முள் நன்றாக மேலே ஏறினால் அண்ணாச்சி டீ சொல்வார். ஏறாவிட்டால் எனக்கும் கிடையாது, அவருக்கும் கிடையாது.

36 ஸ்லாட், 4 போல், 3 ஃபேஸ். ஒரு போலில் ஒரு ஃபேஸுக்கு 3 ஸ்லாட். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. விரலில் கீறல் விழ விழக் கைக்குத் தெரிந்தது.

ஒரு நாள் இலத்தூர்ப் பக்கமிருந்து ஒரு 5 எச்.பி. மோட்டார் வந்தது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. திறந்து பார்த்தால் சில காயில் கன்னங்கரேலென்று கருகி, சில புதுசு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. கொண்டுவந்த பெரியவர் கம்பெனியைத் திட்டினார், மின்வாரியத்தைத் திட்டினார், மருமகனைத் திட்டினார். அவர் போனபிறகு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பாரு. கரண்ட்டு மொத்தமா போச்சுன்னா மோட்டாரு நின்னுரும், ஒண்ணும் ஆகாது. மூணு ஃபேஸும் வந்தா ஓடும், ஒண்ணும் ஆகாது. ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒரு ஃபேஸு மட்டும் போயிருச்சு வச்சுக்கோ... நிக்கவும் நிக்காது, ஒழுங்கா ஓடவும் ஓடாது. உறுமிக்கிட்டே கெடக்கும். மிச்ச ரெண்டுலயும் கரண்ட்ட இழுத்து இழுத்துக் கருகிப் போயிரும். அதுக்குத்தான் ஸ்டார்ட்டர்ல ரிலே வைக்கது."

அப்போது ராத்திரி பஸ்ஸில் வடகரைக்குத் திரும்பும்போது அந்த மூன்று மாதத்தை நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு நான் விளக்கவேண்டியதில்லை. நீங்கள் மின்னியல் படிக்கிறவர்கள்.

2023-ல் மறுபடி கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கலாம். மார்க் அதேதான், பணமும் அதேதான். ஒரு காலத்தில் பிளஸ் டூவை இம்ப்ரூவ்மென்ட் எழுதி மார்க்கைக் கூட்டிக்கொண்டு வருவார்களாம். அந்த வழி 2005-லேயே அடைபட்டுவிட்டது. நான் ஜூன் மாதமே இங்கே விண்ணப்பம் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை எந்தப் பட்டியலுக்காகவும் இந்தக் கதவை நான் சாத்த விடவில்லை.

முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தால் என்னைவிட இரண்டு வயது சின்னப் பையன்கள். ஒருவன் என்னைப் பார்த்து எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றான். (அவன் இப்போது நம் யூனியனில் முக்கியப் பொறுப்பில் இருக்கிறான். பெயர் சொல்லவில்லை, கவலைப்படாதே தம்பி.) மின் இயந்திரங்கள் பாடத்தில் சார் போர்டில் 120-ஐ அதிர்வெண்ணால் பெருக்கி போல் எண்ணிக்கையால் வகுத்து 1500 என்று எழுதினார். "ஆனால் மோட்டார் எத்தனை சுற்றும்?" என்றார். வகுப்பு அமைதி. "1440 சார்" என்றேன். எத்தனை பெயர்ப் பலகையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருப்பேன்! சார் நான்கு சதவீத ஸ்லிப்பை வரவழைத்துக் காட்டியபோது, ஒரு வருடமாகக் கையில் இருந்த சாமானுக்கு அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது. அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது. சாருக்கு மூங்கில் ஆப்பு அடிக்கத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் தெரிந்த ஆளாக ஆகவேண்டும் என்று மட்டும் அன்று ஆசை வந்தது.

இப்போது நாம் இறுதியாண்டு. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரும் கலந்தாய்வு வரப்போகிறது. அதைக் காரைக்குடியில் உள்ள அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரிதான் நடத்தி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மறுபடி ஒரு ரேங்க், மறுபடி ஒரு பட்டியல், முகம் தெரியாத இன்னொரு பையன். விண்ணப்பம் போடத்தான் போகிறேன். முதல் விருப்பம் எது என்று கேட்கவும் வேண்டுமா?

ஆனால் கூடவே இன்னொன்றும் செய்கிறேன், நீங்களும் செய்யலாம். அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. டிப்ளமோக்காரர்களையும் பின்னால் அதில் சேர்த்தார்கள். ஒரு வருடப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். அதற்கான தென்மண்டல வாரியம் சென்னையில் தரமணியில் இருக்கிறது. பதிவு செய்வது ஆன்லைனில்தான். பட்டியல் வந்தால் வரட்டும். வருகிற வரைக்கும் ஒரு மோட்டாராவது நம் கையில் ஓடிக்கொண்டிருக்கட்டும். சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே நான்கு நகல் எடுத்து வையுங்கள். டி.சி.யை எந்த மேஜையில் வைப்பதற்கு முன்னும் ரசீது கேளுங்கள்.

போன வாரம் அப்பா போன் பண்ணினார். தோப்பில் மறுபடி பிள்ளை வைத்திருக்கிறார். சுற்றிலும் சூரிய மின்வேலி போடலாமா, எவ்வளவு ஆகும், நீ மின்னியல்தானே படிக்கிறாய் என்று கேட்டார். முறையான கருவி இல்லாமல் வீட்டுக் கரண்ட்டை நேரே இழுத்து வேலியில் கொடுப்பது குற்றம், யானையும் சாகும் ஆளும் சாவார் என்று முதலில் சொன்னேன். "அது தெரியாதாலே எனக்கு? வெல எவ்வளவுன்னு மட்டும் சொல்லு" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சியும் சாரல் தொடங்குவதற்குள் பரீட்சை முடிந்துவிடுமா என்று விசாரித்தாராம். மேக்கரையிலிருந்து மூன்று மோட்டார் வந்து கிடக்கிறதாம்.